குடலைக் கழுவ வேண்டாம், முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள்

கோத்தகிரிப் பகுதியிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கங்களில் எழுதியனுப்பிய கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். உடல் சம்பந்தமான எதையும் மாற்றவில்லை.

அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். விடிந்ததும் வெறும் வயிற்றில் பால் சேர்க்காத தேத்தண்ணீர், பத்து மணிக்கு மறுபடியும் தேத்தண்ணீரும் இரண்டு வர்க்கியும், ஒரு மணிக்குக் கட்டிக்கொண்டு போன சோறு, அதன் மேல் இன்னொரு தேத்தண்ணீர், இரவு ஒன்பதரைக்குச் சாப்பாடு, பத்து மணிக்குப் படுக்கை என்று அவருடைய நாள் போகிறது. மூன்று ஆண்டுகளாக மேல்வயிற்றில் எரிச்சல், நெஞ்சில் எதுக்களிப்பு, ஓயாத ஏப்பம். மலம் கழிவது மூன்று நாளைக்கு ஒரு முறை. முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரையை வாரத்தில் நாலைந்து நாள் போடுகிறார். அதோடு கடைக்காரர் கொடுக்கும் ‘கேஸ் மாத்திரை’யையும் போடுகிறார். மேட்டுப்பாளையத்தில் உள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் மலையேறும்போதெல்லாம் வயிறு உப்பிக்கொள்கிறது. மலைக் குளிரில் செரிமானம் நின்றுபோய், சாப்பிட்டது குடலில் நாள்கணக்காகத் தங்கி அழுகுகிறது என்று சொல்லும் மாமியார், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேதிக்குக் கொடுக்கிறார். மகனோ கைப்பேசியில் பார்த்த ஒரு காணொளியை நம்பி, குடலில் ஒட்டியிருக்கும் பழைய கழிவையெல்லாம் இறக்கிவிடுமாம் என்று ஒரு பொடியை வரவழைக்கப் பார்க்கிறார். இது அல்சர்தான், காரத்தை விட்டுவிட்டுப் பால் குடித்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மருத்துவரிடம் போனால் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனை) எழுதுவார்கள், அது தொண்டையைக் கிழித்துவிடும், கடைசியில் புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயப்படுகிறார் வாசகி. “பொடியைச் சாப்பிடலாமா, வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள் டாக்டர்” என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

பொடியைச் சாப்பிடாதீர்கள். பேதி மருந்தையும் இனி வாங்கிக்கொள்ளாதீர்கள். காரணங்களைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், நீங்களே பெரிதாக நினைக்காமல் எழுதிவிட்டுப் போன இரண்டு வரிகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். “போன மாதம் நாலைந்து நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது, உடம்புச் சூடாக இருக்கும்” என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, “இப்போதெல்லாம் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயதாகிறது அல்லவா” என்கிறீர்கள். மூன்று ஆண்டு எரிச்சலையும் ஏப்பத்தையும்விட இந்த இரண்டு வரிகள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

இரைப்பையிலோ அதை அடுத்த முன்சிறுகுடலிலோ புண் ஏற்பட்டு இரத்தம் கசிந்தால், அந்த இரத்தம் அமிலத்தோடும் செரிமான நீர்களோடும் கலந்து, குடலின் முழு நீளத்தையும் கடந்து வருவதற்குள் சிவப்பு நிறத்தை இழந்து, தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பும் தனித்த நாற்றமும் கொண்ட மலமாக வெளிவரும். 50 முதல் 100 மில்லிலிட்டர் இரத்தம் கசிந்தாலே இப்படி ஆகலாம். அதாவது அரை டம்ளர் அளவுகூடத் தேவையில்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு மாத்திரை சாப்பிடுவதாக நீங்கள் எழுதவில்லை. உடம்புச் சூட்டினால் மலம் தார்போல ஆவதில்லை. இருபது ஆண்டுகளாக ஏறி இறங்கிய அதே சரிவில் சில மாதங்களாக மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால், 47 வயதை அதற்குக் காரணமாகச் சொல்ல என்னால் முடியாது. இரத்தம் குறைந்திருக்கலாம் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. கடிதத்தை வைத்துக்கொண்டு நோயை உறுதி செய்ய எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால் இந்த வாரமே இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்ல முடியும். பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அந்தச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம்.

இனி, சாப்பிட்டது உள்ளே அழுகுகிறதா என்ற உங்கள் வீட்டாரின் சந்தேகத்துக்கு வருகிறேன்.

மதியச் சோறு போகும் வழி

ஒரு மணிக்கு நீங்கள் சாப்பிடும் சோறும் சாம்பாரும் பீன்ஸ் பொரியலும் வாயிலேயே செரிக்கத் தொடங்கிவிடுகின்றன. உமிழ்நீரில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. சோற்றை நன்றாக மென்றால் லேசாக இனிப்பது அதனால்தான். விழுங்கிய கவளம் உணவுக்குழாயின் தசைகளால் தள்ளப்பட்டு, பத்து நொடிகளுக்குள் இரைப்பைக்கு வந்துவிடும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையமான தசை ஒன்று இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, மற்ற நேரங்களில் இறுக மூடியிருக்க வேண்டிய அந்தத் தசை தளர்ந்துபோனால் அமிலம் மேலே ஏறுகிறது. உங்களுக்கு இரவில் வரும் எதுக்களிப்பு அதுதான்.

இரைப்பை ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நீர் சுரக்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சின் என்ற நொதியும், வைட்டமின் பி12 குடலில் உறிஞ்சப்படுவதற்குத் தேவையான ஒரு புரதமும் இருக்கின்றன. அந்த அமிலம் உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும் அளவுக்குக் கடுமையானது. ஆகவே உணவு அழுகுவதற்கு உடம்பிலேயே மிகவும் பொருந்தாத இடம் இரைப்பைதான். இது ஊகமாகச் சொல்லப்படுவது அல்ல. 1822இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அந்தக் காயம் ஆறிய பின்னும் இரைப்பைக்குள் திறக்கும் ஒரு துளை மூடாமலே இருந்துவிட்டது. அவருக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் போமான்ட் என்ற இராணுவ மருத்துவர், உணவுத் துண்டுகளை நூலில் கட்டி அத்துளை வழியாக உள்ளே விட்டு, எவ்வளவு நேரத்தில் எது கரைகிறது என்று பல ஆண்டுகள் பார்த்து எழுதி 1833இல் வெளியிட்டார். ஒரு சாதாரண உணவு சில மணி நேரத்தில் இரைப்பையை விட்டுப் போய்விடுகிறது என்பதை மனிதர் கண்ணால் கண்டது அப்போதுதான். அந்த இளைஞரை ஒரு சோதனைப் பொருளாக நடத்தியது சரியா என்ற கேள்வி இன்றும் மருத்துவர்களிடையே உண்டு. என் மனத்தையும் அது உறுத்துகிறது. ஆனால் அந்தக் குறிப்புகள் சொன்னது உண்மை. உங்கள் மதியச் சோறு மாலை ஐந்து, ஐந்தரைக்குள் இரைப்பையைக் கடந்துவிடும். எண்ணெயும் கொழுப்பும் அதிகமிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

பிறகு ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடல். உண்மையான செரிமானத்தின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. அமிலம் கலந்த உணவு முன்சிறுகுடலைத் தொட்டதும் அதன் சுவரிலிருந்து செக்ரிட்டின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மையுள்ள நீரை அனுப்பி அமிலத்தைச் சமன்படுத்துகிறது. 1902இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கில அறிஞர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் சேர்த்து வைக்கப்பட்ட பித்தநீர் வந்து கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரிக்கிறது. கணைய நொதிகள் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கின்றன. குடலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகள் அவற்றை இரத்தத்துக்குள் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் குடிக்கும் தண்ணீரும் உடலே சுரக்கும் நீர்களுமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது லிட்டர் குடலுக்குள் வருகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவே பெருங்குடலை அடைகிறது; அங்கும் உறிஞ்சப்பட்டபின் மலத்தோடு போவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். இவ்வளவையும் வழிநடத்த, குடலின் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. உங்கள் உத்தரவுக்கோ என் மருந்துக்கோ காத்திராமல் ஒவ்வொரு நாளும் தன்னைத்தானே துடைத்துக்கொண்டு போகும் உறுப்பு அது.

ஒன்றரை மீட்டர் அளவுள்ள பெருங்குடலில்தான் உணவின் மிச்சம் ஒன்றிரண்டு நாள் தங்குகிறது. அதை அழுகல் என்று சொல்ல வேண்டாம். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அங்கே வாழும் நல்ல கிருமிகள் நொதிக்கச் செய்து, குடற்சுவருக்குத் தேவையான கொழுப்பமிலங்களையும் கொஞ்சம் வைட்டமின் கே-யையும் உண்டாக்குகின்றன. மலத்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். எஞ்சியதில் கணிசமான பகுதி அந்தக் கிருமிகளே. பட்டினி கிடந்தாலும் மலம் உண்டாவது இதனால்தான். நாளைக்கு மூன்று முறை தொடங்கி வாரத்துக்கு மூன்று முறை வரை எதுவும் இயல்பே. உங்களுடையது அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அது மலச்சிக்கல், ஆனால் விஷம் சேர்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

மலையும் குளிரும் வயிறும்

வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் உடலின் உட்புறம் 37 டிகிரியிலேயே இருக்கிறது. உறைபனி விழும் ஜனவரி விடியலிலும் உங்கள் இரைப்பையின் சூடு சித்திரை மாதத்து மேட்டுப்பாளையத்துக்காரரின் இரைப்பைச் சூடேதான். குளிர் செரிமானத்தை நிறுத்துவதில்லை. அது தாகத்தைக் குறைக்கிறது. தாகம் குறைந்தால் தண்ணீர் குறைகிறது, மலம் இறுகுகிறது.

பஸ்ஸில் ஏறும்போது வயிறு உப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் யாரும் நம்பவில்லை என்றும் சொல்கிறீர்கள். நான் நம்புகிறேன், அதற்குக் காரணமும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கோத்தகிரியோ 1,800 மீட்டர் உயரத்தில். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் குறைவதால், மூடிய இடத்தில் உள்ள காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விரிந்துவிடும். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குடலில் உள்ள காற்றுக்கும் அதுவே நேர்கிறது. இது நோயில்லை. வீட்டுக்கு வந்து ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும்.

அடுப்பிலும் மலை தன் வேலையைக் காட்டுகிறது. நம் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் வேகவைக்கும் அவரை, மொச்சை, பட்டாணி ஆகியவை கொதிக்கிற மாதிரி தெரிந்தாலும் உள்ளே சரியாக வெந்திருக்காது. வேகாத மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், கிருமிகளால் நொதிக்கப்பட்டு வாயுவாகிறது. பயறுகளிலேயே உள்ள சில சர்க்கரைகளும் அப்படித்தான். இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக விட்டு வேகவையுங்கள். அவரைக்காயையும் பயறையும் நிறுத்த வேண்டாம்; உங்களைப் போன்றவர்களுக்கு மலிவாகக் கிடைக்கும் புரதமும் நாரும் அவற்றில்தான் உள்ளன.

வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும்

உங்கள் கடிதத்தில் நான் குற்றவாளியாகச் சந்தேகிப்பது தேத்தண்ணீரை அல்ல, மிளகாயை அல்ல, நீங்கள் எழுதியிருக்கும் அந்த வலி மாத்திரையை. அது டைக்ளோஃபினாக் வகையைச் சேர்ந்தது. இவ்வளவு கடுமையான அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் இருப்பதற்குக் காரணம், அதன் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் பிசுபிசுப்பான சளிப்படலமும், அதில் கலந்துள்ள காரத்தன்மையும், சில நாளுக்கு ஒரு முறை புதிதாக வளரும் மேல்தோலும் ஆகும். இந்தப் பாதுகாப்பைத் தூண்டிக்கொண்டிருப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள். ஆஸ்பிரினும் அதைப் போன்ற வலி மாத்திரைகளும் அந்த வேதிப்பொருள் உண்டாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேய அறிஞர் நிறுவினார். 1982இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். முழங்காலில் வலியைக் குறைக்கும் அதே செயல் இரைப்பையின் கவசத்தை மெலியச் செய்கிறது. சாப்பிட்ட பின் போட்டாலும் இந்தக் கெடுதல் முழுதாகத் தீர்வதில்லை, ஏனெனில் மருந்து இரத்தத்தில் கலந்த பின்னும் இந்த வேலையைச் செய்கிறது.

கேஸ் மாத்திரை என்று கடைக்காரர் தருவது பான்டோபிரசோல். அது வாயுவுக்கான மருந்தில்லை. அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்து. வலி மாத்திரை சாப்பிட வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு இரைப்பையைக் காக்க மருத்துவர்களே அதைக் கொடுப்பதுண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் அது எரிச்சலை மட்டும் அடக்கி, கீழே புண் வளர்ந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் வைத்திருக்கக்கூடும். ஆண்டுக்கணக்காகச் சாப்பிட்டால் வைட்டமின் பி12-உம் மெக்னீசியமும் குறையலாம். அதற்காக இன்றே நிறுத்திவிடாதீர்கள். புண் இருக்கும் சந்தேகம் உள்ளபோது நிறுத்துவது ஆபத்து. திடீரென விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். மருத்துவர் பார்க்கும் வரை காலையில் உணவுக்கு அரை மணி முன்பு போடுங்கள். நிறுத்த வேண்டியது வலி மாத்திரையை. முழங்கால் வலிக்கு இப்போதைக்குப் பாராசிட்டமால் போதும். நாளொன்றுக்கு 3 கிராமைத் தாண்டக் கூடாது. தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைப் பிசியோதெரபி நிபுணரிடம் கற்றுக்கொண்டால் மாத்திரையின் தேவை இன்னும் குறையும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பால் வைத்தியம் ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். பால் குடித்ததும் சில நிமிடம் எரிச்சல் குறையும். பிறகு பாலில் உள்ள புரதமும் சுண்ணாம்புச்சத்தும் அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்கச் செய்யும். காரம் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் புண்ணை உண்டாக்குவதில்லை. புண்ணுக்குப் பெரும்பான்மையான காரணங்கள் இரண்டு: ஒன்று வலி மாத்திரை, மற்றது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இக்கிருமியை வளர்த்துக் காட்டியபோது, அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று பலர் மறுத்தார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, சில நாளில் இரைப்பை அழற்சிக்கு ஆளாகி நிரூபித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதனால் நமக்குக் கிடைத்த பெரிய நன்மை, ஆயுள் முழுதும் பத்தியம் இருக்க வேண்டியதாக எண்ணப்பட்ட அல்சரை இரண்டு வார மருந்தில் குணப்படுத்த முடிகிறது என்பது.

பேதியும் பொடியும்

உங்கள் மாமியார் உங்கள்மேல் உள்ள அக்கறையால்தான் கொடுக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பேதியாகும்போது வெளியேறுவது கழிவு மட்டும் இல்லை. தண்ணீரும் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்தே போகின்றன. ஏற்கெனவே இரத்தம் குறைந்திருக்கக்கூடிய ஒருவருக்கு இதனால் மயக்கமும் இதயத் துடிப்பில் கோளாறும் வரலாம். மேலும் பேதிக்குப் பின் குடல் காலியாகிவிடுவதால் அடுத்த இரண்டு மூன்று நாள் மலம் வராது. அதை மலச்சிக்கல் என்று எண்ணி மறுபடியும் மருந்து தேடுகிறோம்.

பொடியைப் பற்றி மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஆண்டுக்கணக்கான கழிவு குடற்சுவரில் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் என்பது பொய். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் மருத்துவர்களும், குடலைத் திறந்து அறுவை செய்யும் மருத்துவர்களும் அப்படி ஓர் அடுக்கைப் பார்ப்பதில்லை, ஏனெனில் குடலின் உட்தோலே சில நாளுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாகிறது. இத்தகைய பொடிகள் பலவற்றில் இருப்பது நிலாவாரை. அது குடலை முறுக்கிப் பேதியாக்கும் மூலிகை. மூலிகை என்பதாலேயே எல்லா நாளும் சாப்பிடத் தகுந்ததாக அது ஆகிவிடாது.

எண்டோஸ்கோபி

உங்கள் நிலையில், தார்போன்ற மலம் போயிருக்கிறது என்ற ஒரு காரணமே இந்தச் சோதனைக்குப் போதுமானது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும்கூட மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சுண்டுவிரல் பருமனுள்ள, வளைந்து கொடுக்கும் ஒரு குழாயை வாய் வழியாக விட்டு உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் மூன்றையும் நேரில் பார்க்கிறார்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும். தொண்டையை மரத்துப்போகச் செய்ய மருந்து தெளிப்பார்கள். குழாய் போவது உணவு போகும் வழியில் என்பதால் மூச்சு விடுவதில் தடை இராது. குமட்டும், கண்ணில் நீர் வரும். பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தொண்டை ஒரு நாள் கரகரப்பாக இருக்கலாம். துளை விழுவது போன்ற பெரிய தொல்லைகள் மிக மிக அரிது. மயக்க ஊசி போட்டால் அன்று தனியாக பஸ்ஸில் திரும்பக் கூடாது. மகனையோ மகளையோ அழைத்துச் செல்லுங்கள்.

கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உதகையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தேவையென்றால் அவர்களே கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். எங்கே செய்தாலும், என்ன செய்யப் போகிறார்கள் என்பதைத் தமிழில் விளக்கும்படி கேட்கவும், புரியாமல் கையெழுத்திட மறுக்கவும், சோதனை அறிக்கையின் நகலைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

புற்றுநோயைப் பற்றி: உங்கள் வயதில் இந்த அறிகுறிகளுக்குப் புண்ணே பெரும்பாலும் காரணமாக இருக்கும். புற்றுநோய் இல்லவே இல்லை என்று பார்க்காமல் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அது இருந்தாலும், இன்று கண்டுபிடிப்பதற்கும் ஓராண்டு கழித்துக் கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. சோதனையைத் தள்ளிப்போடுவதால் நோய் தள்ளிப்போவதில்லை.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

கீழே சொல்பவற்றில் எது நேர்ந்தாலும், இரவாக இருந்தாலும், விடியட்டும் என்று இருக்காமல் 108க்கு அழையுங்கள்.

தார்போன்ற மலம் மறுபடியும் போய் அதோடு தலைசுற்றலோ மயக்கமோ வந்தால்; இரத்தமாகவோ காப்பித்தூள் நிறத்திலோ வாந்தி எடுத்தால்.

மேல்வயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலி வந்து வயிறு பலகைபோல இறுகினால். இது புண் துளையிட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால், அல்லது வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால். மாரடைப்பை கேஸ் என்று எண்ணி சோடா குடித்துக் காலத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கு அது வயிற்று எரிச்சலாக மட்டுமே வருவதும் உண்டு.

நாள் முறையில் சில மாற்றங்கள்

இரவுச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்குக் கொண்டுவர முடிந்தால் எதுக்களிப்பில் பாதி குறையும் என்று எதிர்பார்க்கிறேன். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டரை, மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். தலையணையை உயர்த்தினால் கழுத்துதான் வளையும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல உயரத்துக்குக் கட்டை வையுங்கள். இடது பக்கமாகப் படுப்பது நல்லது. தேத்தண்ணீரை விடச் சொல்லவில்லை. அதை விட்டு இந்த மலையில் வேலை செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் காலையில் எதையாவது கொஞ்சம் சாப்பிட்ட பிறகு குடியுங்கள். மதியச் சோற்றோடு சேர்த்து மட்டும் குடிக்காதீர்கள். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் அந்த இழப்பு பெருமளவு குறையும். சோற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு கூடுதலாக உடலில் ஏறும்.

மலச்சிக்கலைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியதை நான் முழுதாகப் படித்தேன். வேலை செய்யும் மலையில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பதாகவும், மலம் வரும் உணர்வை மாலை வரை அடக்குவதாகவும் சொல்கிறீர்கள். உணவு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் தானாக அசைந்து மலத்தைக் கீழே தள்ளும். காலை உணவுக்குப் பின் இது வலுவாக நடக்கும். அந்த உணர்வை நாள்தோறும் அடக்கினால் அது மெல்ல மெல்ல மங்கிவிடும். உங்களுடைய மலச்சிக்கலுக்குக் காரணம் உங்கள் குடலில் இல்லை, கழிப்பறை இல்லாத அந்தச் சரிவில் இருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். தோட்டத் தொழிலாளருக்குக் குடிநீரும், பெண்களுக்கு எட்டும் தூரத்தில் தனிக் கழிப்பறையும் நிர்வாகம் தர வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே வரும் கடமை. இதைத் தனியாகக் கேட்க வேண்டாம். உங்களோடு கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, தொழிற்சங்கத்தின் வழியாக எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை, காலையில் அரை மணி முன்னதாக எழுந்து, ஏதாவது சாப்பிட்டு, வெந்நீர் குடித்து, வீட்டிலேயே பத்து நிமிடம் அவசரமில்லாமல் உட்காருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் தினமும் அதே நேரத்தில் உட்காருங்கள்; முக்க வேண்டாம்.

கடைசியாக, சோதனை சம்பந்தமான ஒரு விவரம். எண்டோஸ்கோபியின்போது ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சிறு சதைத் துணுக்கு எடுப்பார்கள். அதில் வலி இராது. நீங்கள் பான்டோபிரசோல் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள், ஏனெனில் அந்த மருந்து கிருமியை மறைத்து, இல்லை என்று தவறான முடிவைக் காட்டக்கூடும். கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து தருவார்கள். வாய் கசக்கும், வயிறு கலங்கும், ஆனாலும் ஒரு வேளையும் விடாமல் முடிக்க வேண்டும். முடித்து நாலு வாரம் ஆன பிறகு மலத்திலோ மூச்சுக் காற்றிலோ செய்யும் சோதனையால் கிருமி போய்விட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். அந்தச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பிருந்து அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அந்த நாட்களில் எரிச்சல் திரும்பினால் எதைச் சாப்பிடலாம் என்று அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.